கச்சான் காற்றில் செவ்வரத்தை

"வட்டை வட்டையாத் தண்ணி பாய்ச்சுற மனுசனுக்கு ஒரு பூக்கண்டுக்கு ஊத்தத் தெரியல்லியே!"

என் மாமி இதைச் சொன்னது கிணற்றடியில் வைத்து, என் காதில் விழவேண்டும் என்றே கொஞ்சம் உரக்க. அவர் சொன்னதில் பிழையில்லை. நான் அப்போது நீர்ப்பாசன வேலையில் இருந்தேன். உன்னிச்சைக் குளத்து வாய்க்காலில் எந்தக் கதவை எப்போது திறப்பது, எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிக்கு, எத்தனை நாள் தண்ணீர் விடுவது என்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன், கல்யாணம் முடித்து வந்த முதல் கோடையிலேயே மாமியின் ரோஸ் நிற அடுக்குச் செவ்வரத்தையை, செம்பருத்தி என்றும் சொல்வார்களே, அதைப் பட்டுப்போக வைத்துவிட்டேன். அதுவும் தண்ணீர் ஊற்ற மறந்து இல்லை, தினமும் இரண்டு வேளை ஊற்றி.

எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். வந்து சேர்ந்தது கிழக்குக் கரையான எழுவான்கரையில், கல்லடிக்கு. இடையில் வாவி ஒன்றுதான் என்றாலும் மண் முற்றாக வேறு. அங்கே களி கலந்த வயல் மண். ஒரு வாளி ஊற்றினால் மூன்று நாளைக்கு ஈரம் நிற்கும். வேலியோரச் செவ்வரத்தைக்கு யாரும் வாளி தூக்கிப்போய் ஊற்றி நான் கண்டதே இல்லை. கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் போகும். அதைப் பார்த்துப் பயந்துதான் காலையிலும் மாலையிலும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தெளித்தேன். மோட்டரைப் போட்டால் தண்ணீர் வருகிறது, பிறகென்ன!

ஆனி மாதம் இலையோரம் கருகத் தொடங்கியது. முதலில் நுனி, பிறகு விளிம்பு முழுக்க, நெருப்பில் காட்டிய கடதாசி போல. மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு. தண்ணீர் போதவில்லையாக்கும் என்று இன்னும் தெளித்தேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போய்த் தீர்த்தமாடிவிட்டு வந்து பார்த்தால் கொப்பெல்லாம் மொட்டை. அப்போது வந்ததுதான் மேலே சொன்ன பேச்சு. சொல்லிவிட்டு மாமி, பச்சை மிச்சமிருந்த ஒரு கொப்பை முறித்து, குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குத்திவிட்டுப் போய்விட்டார். அந்தக் கொப்பு தழைத்து இன்றைக்குக் கிணற்றுக் கட்டை விட உயரமாக நிற்கிறது. மாமிதான் இல்லை.

குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அப்படி என்ன விசேஷம் என்று யோசித்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. வீட்டில் நாலு பேர் காலையில் அடுத்தடுத்துக் குளிப்போம். ஆளுக்குப் பத்து வாளி. அவ்வளவும் ஒரேயடியாக அந்த வேரடியில் இறங்கும். பிறகு அடுத்த நாள் விடியும் வரை ஒரு சொட்டும் இல்லை. நான் தெளித்ததோ மேல் நாலு விரல் மண்ணை நனைப்பதோடு சரி. கோடையில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர். மேலாகத் தெளித்தால் தண்ணீர் வெயிலில் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். நாளுக்கு இரண்டு முறை என் கையாலேயே உப்பைத் தூவிவிட்டு, ஏன் கருகுது என்று நின்றிருக்கிறேன். நிறைய ஊற்றினால் அந்த உப்பைக் கரைத்து இழுத்துக்கொண்டு தண்ணீர் வேருக்குக் கீழே போய்விடும். மணலில் பயிர்வைப்பவனுக்குக் கிடைத்த ஒரே வசதி இதுதான். களிமண்ணைக் கழுவுவது பெரும்பாடு, மணலைக் கழுவுவது சுலபம்.

ஆகவே கடலோர வளவில் செவ்வரத்தை வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: ஊற்றினால் வயிறு நிறைய ஊற்றுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள். ஹோஸின் வாயில் பெருவிரலை வைத்து இலைக்கு மேலே பூமாரி பொழிவதை முதலில் விடுங்கள். சவர்த் தண்ணீர் இலையில் பட்டுக் காய்ந்தால் இலையும் கருகும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பதும் பெரிய விஷயம். நம்முடைய கடலோரக் கிணறுகளில் இருப்பது மழையாகப் பெய்து மணலில் இறங்கிய தண்ணீர். அது அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் பாரம், அதனால் கலக்காமல் ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறது. மோட்டரைப் போட்டு ஒரேயடியாக உறிஞ்சினால் மேற்படை மெலிந்து, அடியிலுள்ளது மேலே ஏறும். 2004 டிசம்பர் 26 கடல் வந்து போன பிறகு இதைக் கண்ணால் கண்டோம். கிணற்றைத் துப்புரவாக்குகிறோம் என்று எங்கள் வளவில் திரும்பத் திரும்ப இறைத்தோம். இறைக்க இறைக்கக் கரித்ததே தவிரக் குறையவில்லை. பேசாமல் விட்டோம், இரண்டு மாரி போன பிறகுதான் வாயில் வைக்க முடிந்தது.

அதனால் பூக்கன்றுக்கு நான் மோட்டர் போடுவதில்லை. இரவு முழுக்க ஊறித் தெளிந்த கிணற்றில் விடியற்காலை வாளியை ஆழ அமிழ்த்தாமல் மேலாக அள்ளுகிறேன். சவரா இல்லையா என்று அறியக் கருவி ஒன்றும் வேண்டாம், நாக்கு போதும். கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி கரிக்கத் தொடங்கினால் செவ்வரத்தைக்கும் கரிக்கத் தொடங்கிவிட்டது என்று வையுங்கள். அப்படிக் கரிக்கும் நாட்களில் கிழமைக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றி, தங்கிய உப்பைக் கீழே இறக்கிவிடுவேன். உன்னிச்சைத் தண்ணீரைச் சுத்திகரித்து இப்போது குழாய் வழியாக மட்டக்களப்புக்குக் கொண்டுவருகிறார்கள். நான் வாய்க்காலில் திறந்துவிட்ட குளம், ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக் குசினிக்கே வந்து நிற்கிறது. காசு கொடுத்துத்தான் எடுக்கவேண்டியிருக்கிறது, அது வேறு கதை. குழாய்த் தண்ணீரில் குளோரின் மணக்கிறதே என்று பயப்படுபவர்கள் முதல் நாள் இரவே வாளியில் பிடித்து வைக்கலாம்.

சரி, ஊற்றும் விதம். அடிமரத்தோடு ஒட்டி ஊற்றக் கூடாது. தண்ணீர் குடிக்கும் இளவேர்கள் அடிமரத்தைச் சுற்றி இல்லை, கொப்பு பரந்த அளவுக்கு வெளியே ஓடியிருக்கும். உச்சி வெயிலில் மரத்தின் நிழல் எதுவரை விழுகிறது என்று பாருங்கள். அந்த நிழலின் ஓரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில், நாலு விரல் ஆழத்தில் வட்டமாக வெட்டுங்கள். வெட்டிய மண்ணை உள்பக்கமாக அடிமரத்தை நோக்கி அணைத்துவிடுங்கள். தண்ணீர் வட்டத்துக்குள் நிற்கும், அடிமரம் காய்ந்தபடி இருக்கும். அடிமரம் எந்நேரமும் நனைந்துகொண்டிருந்தால் பட்டை அழுகும்.

அடுத்தது, ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. கோடையில் நன்றாகக் காய்ந்த மணலுக்கு ஒரு குணம் இருக்கிறது. தண்ணீரை உடனே ஏற்காது. முத்து முத்தாக மேலே உருட்டிவிடும், இல்லாவிட்டால் ஒரு கோட்டில் மட்டும் இறங்கவிட்டு மற்ற இடத்தைக் காய்ந்தபடியே வைத்திருக்கும். ஊற்றிவிட்டோம் என்று நாம் போய்விடுவோம், விரலால் கிளறினால் உள்ளே தூள் பறக்கும். நான் முதலில் அரை வாளி ஊற்றி வட்டத்தை நனைத்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடிப்பேன். திரும்பி வரும்போது மணல் மனம் மாறியிருக்கும். பிறகு மிச்சத்தை ஊற்றினால் எல்லாம் நேரே இறங்கும்.

எவ்வளவு? தோளுயர மரத்துக்கு 10 லீற்றர் வாளியால் இரண்டு வாளி. பங்குனி, சித்திரையில் மூன்று நாளைக்கு ஒருமுறை. தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை ஒன்றுவிட்டு ஒரு நாள். மாரியில் ஒன்றும் இல்லை. புதிதாக நட்ட கன்றுக்கு முதல் மூன்று கிழமை தினமும் அரை வாளி, அதன் பிறகு மெல்ல மெல்ல நாள் இடைவெளியைக் கூட்டி, அளவையும் கூட்டவேண்டும். இந்தக் கணக்கு என் வளவுக்கு உரியது. படுவான்கரையில் இருக்கும் என் தம்பி இதே கணக்கில் ஊற்றினால் வேர் அழுகிவிடும், அவன் கச்சானிலும் கிழமைக்கு ஒருமுறைதான் ஊற்றுகிறான். கணக்கை விட விரலை நம்புவது நல்லது. வட்டத்துக்குள் நடுவிரலை இரண்டாம் மூட்டு வரை குத்திப் பாருங்கள். மணல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம். உதிர்ந்தால் இன்றைக்கே ஊற்றவேண்டும்.

கச்சான் காலத்தில் பலரும் ஏமாறுவது பகல் ஒரு மணிக்கு. வாவிக்கு மேலால் வறண்டு வரும் அந்தக் காற்றில் துவைத்துப் போட்ட சாரமே அரை மணித்தியாலத்தில் விறைத்துவிடும், இலை என்ன பாடுபடும்? செவ்வரத்தை இலைகள் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். உடனே வாளியைத் தூக்காதீர்கள். மண் ஈரமாக இருக்கும்போதே இப்படித் தொங்கும், ஏனென்றால் வேர் இழுக்கிற வேகத்தை விட இலை இழக்கிற வேகம் கூட. மாலையில் தானாக நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டு நின்றால்தான் அது தாகம்.

கச்சானில் செவ்வரத்தையோடு நான் இவ்வளவு மினக்கெடுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் வைகாசியில்தான் கதவு திறந்து சடங்கு நடக்கும், கடைசியில் அம்மனின் வெக்கை தணியக் குளிர்த்தி பாடுவார்கள். அந்த நாட்களில் என் மனைவிக்கு விடியுமுன் ஒரு தட்டு நிறையப் பூ வேண்டும், ஒரு நாள் கூடத் தப்பாமல். செவ்வரத்தை ஒருநாள் பூ. காலையில் விரிந்து அந்தியில் சுருண்டுவிடும். நேற்றுப் பூத்ததை இன்றைக்கு வைத்திருக்க முடியாது. தினமும் தட்டு நிறையவேண்டும் என்றால் மரத்தில் எந்நேரமும் வெவ்வேறு பருவத்தில் மொட்டுகள் வரிசையில் நிற்கவேண்டும். இன்றைக்குத் தண்ணீரில் பிழைவிட்டால் நாளைக்குப் பூக்கும் பெரிய மொட்டு எப்படியோ விரிந்துவிடும். பட்டாணிக்கடலை அளவில் நிற்கும் சின்ன மொட்டுகள்தான் மஞ்சளித்து உதிரும். அதனால் தண்டனை ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்து வருகிறது. அதற்குள் என்ன பிழை விட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

அந்த வரிசையைத் தயார் செய்வது மாசியில். செவ்வரத்தை புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும், பழைய கொப்பை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் இலைதான் மிஞ்சும். மழை ஓய்ந்து மண் இன்னும் ஈரமாக இருக்கும் மாசி முதல் கிழமையில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கூரான கத்தரியால், சரிவாக. வெட்டியதிலிருந்து பூ வர இரண்டரை, மூன்று மாதம் எடுக்கும், கணக்குப் பார்த்தால் வைகாசி. எல்லா மரத்தையும் ஒரே நாளில் வெட்டாமல் பாதியை முதலிலும் மிச்சத்தை இரண்டு கிழமை கழித்தும் வெட்டினால் பூ இடைவெளியில்லாமல் வரும். கச்சான் தொடங்கிய பிறகு கத்தரியை எடுக்கவே வேண்டாம்.

வெட்டப் பயப்படுபவர்கள் உண்டு, முக்கியமாகப் பெண்டுகள் நட்டு வளர்த்த மரம் என்றால் ஆண்களுக்குக் கை நடுங்கும். 1978 நவம்பர் 23 சூறாவளி அடித்தபோது நான் படுவான்கரையில் இருந்தேன். தென்னையெல்லாம் படுத்துக் கிடந்தது. எங்கள் வேலிச் செவ்வரத்தையும் அடியோடு முறிந்துபோனது. இரண்டு மாதத்துக்குள் அடிக்கட்டையிலிருந்து அத்தனை பக்கமும் தளிர். கத்தரி வெட்டுக்கெல்லாம் அது சாகாது.

மணலில் தண்ணீரை நிறுத்தி வைக்க நான் கண்ட மலிவான வழி பொச்சு. தேங்காய் உரித்த பொச்சை எரிக்காமல் சேர்த்து வையுங்கள். கன்று நடும்போது முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் இரண்டு வரிசை பொச்சைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேலே மண்ணும் மாட்டெருவும் இலைக்குப்பையும் கலந்து போடுங்கள். பொச்சு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கொடுக்கும். ஏற்கெனவே நிற்கும் மரத்துக்கு அடியில் புதைக்க முடியாது என்பதால், மண்ணின் மேல் பரப்பிவிடலாம். அப்போது முதுகு மேலே பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் மழை பெய்தவுடன் ஒவ்வொரு பொச்சும் ஒரு நுளம்புத் தொட்டி. தும்புத்தூளும் நல்லதுதான். ஆனால் கடலோரத்தில் ஊறப்போட்ட பொச்சிலிருந்து வந்த தூளில் உப்பு இருக்கும், மூன்று நாலு முறை நல்ல தண்ணீரில் அலசாமல் போடக் கூடாது.

இலை மஞ்சளிக்கிறது என்று காரைதீவிலிருந்து என் மச்சாள் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். "அத்தான், தண்ணி கூடியா, குறைஞ்சா?" மஞ்சளில் பல சாதி உண்டு என்று அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அடியில் இருக்கும் இரண்டு மூன்று பழைய இலை மஞ்சளித்து விழுந்தால் அது வயசு, விட்டுவிடுங்கள். மரம் முழுக்கச் சடசடவென்று மஞ்சளித்துக் கொட்டினால் தண்ணீர்ப் பிழை. விரலைக் குத்தினால் கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும். புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் கதை வேறு. மணலில் சிப்பி, சங்குத் துண்டு கலந்த வளவுகளில் மண் சுண்ணாம்புக் குணமாக இருக்கும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மச்சாள் வீட்டில் அதுதான். அவள் வேறு அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறாள், சாம்பலும் சுண்ணாம்புப் பக்கம்தான். சாம்பலை நிறுத்தி, மக்கிய இலைக்குப்பையும் தேயிலைச் சக்கையும் போடச் சொன்னேன். தேயிலையில் சீனி, பால் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எறும்பு கூடிவிடும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் காய்ந்து மக்கிய மாட்டெரு, மாதத்துக்கு ஒருமுறை மரத்துக்கு நாலு சிரட்டை, வட்டப் பாத்திக்குள். பச்சைச் சாணம் சூடு, வேரைச் சுடும். பூ வரவேண்டும் என்று கடையில் விற்கும் மணிச்சத்து, அதாவது பொஸ்பரஸ், கூடிய பசளையை வாங்கிக் கொட்டுகிறார்கள். செவ்வரத்தைக்கு மணிச்சத்து கூடினால் ஆகாது. அதற்குத் தேவை தழைச்சத்தான நைதரசனும் சாம்பல்சத்தான பொட்டாசியமும். ஆனால் சாம்பல்சத்துக்குப் போடும் எம்.ஓ.பி. பசளையும் ஒரு உப்புத்தான் என்பதைச் சவர்க் கிணற்றுக்காரர்கள் மறக்கக் கூடாது. 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தபோது வயலுக்கே யூரியா இல்லை, பூக்கன்றுக்கு எங்கே? படுவான்கரையிலிருந்து தம்பி மாட்டெரு மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். வயல்காரர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் செவ்வரத்தை அந்த வருடமும் பூத்தது. அதன் பிறகு நான் பசளைப் பையை வாங்கவில்லை. எதைப் போட்டாலும் முதலில் தண்ணீர், பிறகு பசளை, திரும்பவும் கொஞ்சம் தண்ணீர். காய்ந்த மண்ணில் பசளை போடக் கூடாது.

கோடையில் தளிர் நுனி சுருண்டு கோணலாகி, வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல இருந்தால் அது பூச்சி. 2008இல் நாட்டுக்குள் வந்து பப்பாசியைத் துவம்சம் செய்த வெள்ளைப் பஞ்சுப் பூச்சியும் செவ்வரத்தையில் ஏறும். சுருண்ட நுனியை வெட்டிப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றக் கொப்புகளில் தண்ணீரை விசையாக அடித்தால் பாதி விழுந்துவிடும், ஹோஸை நான் எடுப்பது இதற்கு மட்டும்தான். பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், எண்ணெய் கலக்க ஒரு துளி சவர்க்காரக் கரைசல். நன்றாகக் குலுக்கி, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கமாகத் தெளியுங்கள். கிழமைக்கு ஒருமுறை, மூன்று கிழமை. முசுறு எறும்பு ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். பஞ்சுப் பூச்சி விடும் இனிப்பைக் குடிக்கத்தான் அது வருகிறது, குடிப்பதற்குக் கூலியாகப் பூச்சிக்குக் காவல் நிற்கும். முசுறு ஏறும் வழியை அடைக்காமல் மருந்து மட்டும் அடித்தால் அடுத்த மாதம் திரும்பவும் அதே பஞ்சு.

மாரிக்கு நாம் செய்யக்கூடியது தண்ணீரை வெளியே அனுப்புவதுதான். ஐப்பசியில் முதல் பெருமழைக்கு முன் வட்டப் பாத்தியை மூடி, அடிமரத்தைச் சுற்றி மேடாக அணைத்துவிடுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வளவில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. பள்ளத்தில் நின்ற இரண்டு மரம் இலையோடு நின்றபடியே போனது, மேட்டில் நின்றவை தப்பின. வெள்ளம் வடிந்த பிறகு இலை தொங்கினால் அது தாகம் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். வேர் மூச்சுத் திணறி நிற்கிறது, மண் காயும் வரை விடுங்கள்.

கொப்பு நடுவதற்கும் மாரித் தொடக்கம்தான் நல்ல காலம். பென்சில் மொத்தத்தில், ஒரு சாண் நீளத்தில், முற்றியும் முற்றாமலும் இருக்கும் கொப்பு. நுனியில் இரண்டு இலையை மட்டும் விட்டு, அதையும் பாதியாக வெட்டிவிட்டு, மணலும் அலசிய தும்புத்தூளும் கலந்த பையில் நட்டு நிழலில் வையுங்கள். ஐந்தாறு கிழமையில் வேர் விடும். இழுத்து இழுத்துப் பார்க்கக் கூடாது. நான் பார்ப்பேன், அதனால்தான் பத்தில் மூன்று போகிறது.

சாடியில் வைத்திருப்பவர்களுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், அடியிலுள்ள துளையால் வழியும் வரைக்கும். கச்சானில் சிறிய சாடிக்கு இரண்டு வேளை கூடத் தேவைப்படும். சீமெந்துத் தரையில் நிற்கும் சாடியை ஒரு பலகையின் மேல் தூக்கி வைத்தால் வேர் வேகாமல் தப்பும். மேற்குப் பக்கம் ஒரு கிடுகு மறைப்புக் கட்டினால் அரைவாசிக் கவலை தீரும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு நாலு நாள் படுவான்கரைக்குப் போகவேண்டி வந்தால் மண்முட்டிதான் எனக்குக் காவல். பூச்சு இல்லாத சாதாரண முட்டியைக் கழுத்து வெளியே தெரிய மரத்துப் பக்கத்தில் புதைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுவேன். சுற்றியுள்ள மண் காயக் காய முட்டி கசிந்துகொண்டே இருக்கும், வேர்கள் முட்டியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தோண்டியெடுத்துத் தேய்த்துக் கழுவவேண்டும், துவாரமெல்லாம் அடைபட்டுவிடும். முட்டியின் வாயை ஒரு சிரட்டையால் மூடி, விளிம்பில் ஈரமண் அப்பிவிடுங்கள். ஒருமுறை நான் மூட மறந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது டெங்குச் சோதனைக்கு வந்த உத்தியோகத்தர் முட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே நுளம்புக் குடம்பிகள் நீந்திக்கொண்டிருந்தன. பூக்கன்றுக்கு வைத்த தண்ணீர் என்று விளக்கம் சொன்னேன். "ஐயா, இதுக்குள்ள நீங்க வளக்கிறது பூ இல்ல" என்றார்.